பத்தாயிரம் ஓம்

ஓசையில் முரட்டுத்தனம் வேண்டும், ஆனால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கவும் வேண்டும் என்பவர்களுக்கு நான் காட்டுவது மார்ஷல் 2203. 1975-இல் வந்த நூறு வாட் வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயர். 1981 முதல் ஜேசிஎம் 800 வரிசையில் விற்றது.

அதன் உயிர் இரண்டாவது பெருக்கக் கட்டத்தின் கத்தோடில் இருக்கிறது. வழக்கமாக ஓரிரண்டு ஆயிரம் ஓம் இருக்கும் இடத்தில் அங்கே 10,000 ஓம் மின்தடை. மின்னோட்டம் குறைந்து வால்வு அரைப்பட்டினியாக ஓடும். அலையின் ஒரு பக்கம் முன்னதாகவே நறுக்கப்படும். அந்தக் கோணல்தான் உறுமல். ஆம்ப் வடிவமைப்பாளர் மைக் சோல்டானோ 1987-இல் எஸ்எல்ஓ 100-ஐக் கொண்டுவந்தபோது இந்த மின்தடையை 39,000 ஓமுக்கு உயர்த்தினார், கூடுதலாக ஒரு கட்டமும் சேர்த்தார். அபாரமான ஆம்ப். ஆனாலும் என் மனம் 2203 பக்கமே. கிதாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் போதும், உறுமல் அடங்கி ஓசை தெளிந்துவிடும்.

மாற்றம் செய்வதானால் நான் முதலில் தொடுவது கட்டங்களை இணைக்கும் மின்தேக்கிகளை. மதிப்பைக் குறைத்தால் அடிக்குரல் உறுமலுக்கு முன்பே வடிகட்டப்பட்டு, வேகமான வாசிப்பு குழம்பாமல் நிற்கும். ஒருமுறைக்கு ஓர் உதிரி மட்டும். மாற்றி, வாசித்து, பிறகு அடுத்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை மின்தடை வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைக்கிறேன்.