தொட்டியில் பழுக்கும் ஸ்ட்ராபெர்ரி

ஸ்ட்ராபெர்ரிக்குத் தரையைவிடத் தொட்டிதான் அழகு என்பது என் கட்சி. இடமில்லாதவர்களின் சமாதானம் இல்லை இது. அந்தச் செடியின் உடம்பே அப்படி. வேரில் பெரும்பகுதி ஒரு சாண் ஆழத்துக்குள் நின்றுவிடும். தரையில் பழம் ஈரமண்ணில் படுத்து அழுகும். தொட்டியிலோ விளிம்பைத் தாண்டித் தொங்கி, காற்றும் வெயிலும் பட்டுச் சிவக்கும்.

இன்று நாம் தின்னும் பெரிய பழத்தின் கதையும் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய சில செடிகளில்தான் தொடங்குகிறது. ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து எடுத்துவந்த செடிகளில், மாதக்கணக்கில் நீண்ட கடற்பயணத்தைத் தாண்டி 1714இல் பிரான்ஸ் வந்து சேர்ந்தவை ஐந்துதான். கப்பலில் அருமையாக இருந்த குடிநீரில் அவற்றுக்கும் பங்கு கிடைத்தது. வந்தவை பெண் செடிகள் என்பதால் தனியே காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரி பக்கத்தில் பூத்த பிறகே காய்த்தன. அந்தக் கலப்பின் வாரிசுகள்தாம் இப்போது உலகெங்கும் விளைகின்றன.

நடுவதில் ஒரே ஒரு நுட்பம் உண்டு, அதில்தான் கைத்திறன் தெரியும். இலைகள் கிளம்பும் குருத்து மண்மட்டத்திலேயே இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், மேலேறினால் வேர் காயும். ஓரடி அகலத் தொட்டிக்கு மூன்று செடி போதும். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பலாம். நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும், ஸ்ட்ராபெர்ரிக்கு உப்பு ஆகவே ஆகாது. நன்றாக அலசிப் போடுங்கள். நெதர்லாந்தில் இடுப்புயர மேடைகளில் வரிசையாக வளர்க்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் நார்க்கழிவு மண்ணாகப் பயன்படுகிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வெளிநாடுகளுக்கு அது மூட்டை மூட்டையாகப் போகிறது.

பக்கவாட்டில் துளைகள் வைத்த மண்ஜாடி பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் மேலே ஊற்றும் தண்ணீர் கீழ்த்துளைச் செடிகளுக்குச் சரியாக எட்டாது. நடுவில் துளையிட்ட குழாய் ஒன்றை நிறுத்தி அதில் ஊற்றினால்தான் பிழைக்கும். சாதாரண மண்தொட்டிக்கே என் ஓட்டு.

பூவைக் குனிந்து பாருங்கள். ஐந்து வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் மேடு. அந்த மேட்டில் நெருக்கமாக நிற்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் மகரந்தம் சேர வேண்டும். பழத்தின்மேல் விதையென்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு தனிக் கனி. சிவந்த சதை, பூவின் அடிப்பாகம் பருத்தது. மகரந்தம் படாத இடத்தில் சதை பருக்காது, பழம் கோணிக்கொள்ளும். தேனீ வராத மாடியில் மென்மையான தூரிகையால் மேட்டைச் சுற்றி வருடிவிட்டால் பழம் வடிவாகத் திரளும்.

பறிப்பதில் அவசரம் கூடாது. மாம்பழத்தைப்போல வைத்துப் பழுக்கவைக்க முடியாது; பறித்த பிறகு நிறம் ஏறலாம், இனிப்பு ஏறாது. தூரத்துச் சந்தைக்குப் போகும் பழத்தைத் தோளில் வெள்ளை இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். காம்படி வரை சிவந்து வாசனை எழும் வரை காத்திருக்கும் உரிமை தொட்டிக்காரருக்கு மட்டுமே.

மகாபலேஷ்வரில் விளையும் விண்டர் டான், ஸ்வீட் சார்லி போன்ற ரக நாற்றுகளை அக்டோபர், நவம்பரில் நடுங்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கவலையில்லை. சமவெளியில் இருப்பவர்கள் கோடை வெயில் ஏறுவதற்குள் பழத்தைத் தின்று முடித்துவிட வேண்டும்.