உப்பு போட்ட தட்டு

மரக்காணம் மாதிரி உப்பளங்களில் உப்பு விளையும் பாத்தித் தண்ணீர் 25 டிகிரி போமே அடர்த்தியைத் தொடும்போது லேசாகச் செம்மை தட்டும். டுனாலியெல்லா பாசியும், உப்பிலேயே குடும்பம் நடத்தும் ஆர்க்கியா நுண்ணுயிர்களும் செய்யும் வேலை அது. 1838இல் பிரான்சில் உப்பளச் செம்மைக்குப் பாசியைக் காரணம் காட்டியவர் டூனால். பாசிக்கு அவர் பெயரே நிலைத்தது.

இளங்கலை மாணவிக்கு இதைவிட மலிவான ஆராய்ச்சிப் பொருள் கிடைக்காது. ஒரு பாட்டில் பாத்தித் தண்ணீர் போதும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் பெட்ரி தட்டு. அகாரில் 20, 25 சதவீதம் உப்பு. சாதாரண பாக்டீரியா மறுநாளே முளைத்துவிடும். இந்த ஆர்க்கியாவுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் தட்டு காய்ந்து ஓரத்தில் உப்பு பூத்துவிடாமல் பாலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டும். பிறகு ஊசிமுனைப் புள்ளிகளாகச் சிவப்பு.

அடுத்து கிராம் சாயம். லேப் மேனுவல்படி செய்தால் சாயத்திலும் கழுவும் தண்ணீரிலும் உப்பு இல்லாததால் செல்கள் வெடித்து, கண்ணாடியில் வெறும் கறைதான் மிஞ்சும். "2 சதவீத அசெட்டிக் அமிலத்துல ஃபிக்ஸ் பண்ணும்மா" என்று சொல்ல அனுபவமுள்ள ஒரு பேராசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். எத்தனை கோடிக்குக் கருவி வாங்கினாலும் இந்த ஒரு வரி அதோடு வராது.

பல கல்லூரிகளில் புராஜெக்ட் வருவது ஆறாவது செமஸ்டரில். மழை ஓய்ந்து உப்பளம் மறுபடி சூடுபிடிப்பதும் அப்போதுதான்.