வேல்ஸ் அரசவைச் சட்டங்கள்: ஒரு மதிப்பீடு

அரசவைச் சட்டங்கள், இடைக்கால வேல்ஸின் சட்டத்தொகுப்பான ஹவெல் சட்டத்தின் ஒரு பகுதி. அரசர், அரசி, 24 அவை அலுவலர்கள் ஆகியோரின் இருக்கை, உரிமை, கடமை, ஊதியம் ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. அரசதிகாரம் தன்னைப் பற்றி வரைந்துகொண்ட சித்திரம் என்ற வகையிலும் வாசிக்கத்தக்கது.

பின்னணி

இச்சட்டங்களை வகுத்தவர் 950-ல் மறைந்த மன்னர் ஹவெல் தா என்பது மரபு. ஆனால் கிடைத்துள்ள மிகப்பழைய சுவடிகள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுள் லத்தீன் மொழியிலமைந்த பெனியார்த் 28 சுவடியில் அரசரும் அலுவலர்களும் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளனர். அது வடக்கு வேல்ஸின் குவினெத் அரசர்கள் மற்ற வேல்ஸ் ஆட்சியாளர்கள் மீது தலைமை கோரிய காலம். 1267-ல் மாண்ட்கோமரி உடன்படிக்கை வழியாக இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி, லுவெலின் ஆப் கிரிஃபித்தை வேல்ஸ் இளவரசராக ஏற்றார். எனவே இந்நூலில் பழைய வழக்கங்களுடன் 13-ஆம் நூற்றாண்டின் அரசியல் தேவைகளும் கலந்துள்ளன. வடக்குச் சுவடிகள் குவினெத்தின் அபெர்ஃப்ரா அரசவையை உயர்த்துகின்றன. தெற்கு மரபு டினெவுர் அரசவைக்குச் சிறப்பிடம் தருகிறது.

சித்திரிப்பு

அதிகாரத்தைக் கருத்தாக விளக்காமல் உடலாலும் பொருளாலும் அளந்து காட்டுவது நூலின் சிறப்பு. குற்றம் செய்தவருக்கு அடைக்கலம் தரும் உரிமை அவையைச் சார்ந்த ஒவ்வொருவருக்கும் உண்டு. அதன் எல்லை அவரவர் தொழிலைப் பொறுத்தது. விருந்தில் அரசரின் பாதத்தை மடியில் தாங்குபவனின் அடைக்கலம், அவன் அப்பணியில் இருக்கும் நேரம் வரை. சலவைப்பெண்ணின் அடைக்கலம், துணி அடிக்கும் கட்டையை அவள் எறிந்தால் எட்டும் தூரம் வரை. அரசரின் அதிகாரம் கடைநிலைப் பணியாளர் வரை பங்கிடப்பட்டிருப்பதை இவ்விதிகள் ஓரிரு வரிகளில் உணர்த்துகின்றன.

அவைக்கவிஞரின் இடமும் அவ்வாறே. வீட்டுப்படை கொள்ளைப்பொருளைப் பங்கிடும்போது அவர் பிரித்தானியா முழுவதன் இறைமையைப் பாடவேண்டும். அரசிக்குப் பாடும்போது அவையோர் தொந்தரவுறாதபடி மெல்லப் பாடவேண்டும். சில மாவட்டங்களை ஆளும் ஒருவரின் முன் முழுத்தீவின் ஆட்சி பாடப்படுகிறது. பழம்பெருமை அரசவையின் அன்றாடச் சடங்காக இருந்ததற்கு இது சான்று.

குறைகள்

நூல் காட்டும் வரிசைக்கும் நடைமுறை அதிகாரத்துக்கும் இடைவெளி உண்டு. சட்டத்தில் வீட்டுப்படைத் தலைவருக்கே முதன்மை. 13-ஆம் நூற்றாண்டிலோ ‘திஸ்தைன்’ எனப்பட்ட அரண்மனை மேலாளரே ஆட்சியின் மையமாக இருந்தார். லுவெலின் ஆப் ஐயர்வெர்த்திடம் அப்பதவி வகித்த எட்னிவெட் வெக்கன் (இறப்பு: 1246) தூதராகவும் ஆலோசகராகவும் செயல்பட்டவர், பின்னாளில் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மரபின் முன்னோர். இம்மாற்றத்தை இருபத்து நால்வரின் பட்டியல் போதிய அளவு காட்டவில்லை.

இதைவிடப் பெரிய குறை, அவைக்கு உணவளித்தவர்களை நூல் கடமையாளர்களாக மட்டுமே காண்பது. அரசருக்கு மண்டபம், சமையலறை, களஞ்சியம், தொழுவம் உள்ளிட்ட ஒன்பது கட்டடங்களை நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவர்கள் கட்டித்தர வேண்டும். அரசரின் மானத்துக்கு ஊறு நேர்ந்தால் தரவேண்டிய பொற்தகட்டின் கனம், பல ஆண்டு உழுது தடித்த உழவனின் நக அளவு. அரச மானத்தை அளக்க உழவனின் நகம் வேண்டியிருக்கிறது. அந்த உழவனுக்கு மண்டபத்தில் இருக்கை இல்லை.

இதன் விளைவைப் பிற சான்றுகளில் காணலாம். 1267 உடன்படிக்கைக்காக லுவெலின் 25,000 மார்க் செலுத்த ஒப்புக்கொண்டார். நாணயப் புழக்கம் குறைந்த நாட்டில் அச்சுமை குடிகள் மீதே விழுந்தது. அவர் 1282-ல் கொல்லப்பட்டபின், 1283-ல் குவினெத் மக்களின் பெயரால் அவரது வரிகளுக்கும் கெடுபிடிகளுக்கும் எதிரான முறையீட்டுப் பட்டியல் தொகுக்கப்பட்டது. வென்ற இங்கிலாந்தின் ஆட்சியில் எழுந்த ஆவணம் என்பதால் அதையும் எச்சரிக்கையுடனேயே கொள்ளவேண்டும். ஆயினும் அரசவைச் சட்டங்களில் இடம்பெறாத குரல் அதில் ஒலிக்கிறது.

மதிப்பீடு

அரசவைச் சட்டங்களை, இங்கிலாந்திடம் வீழ்வதற்கு முந்தைய பொற்காலத்தின் நேரடிப் பதிவாகக் கொள்வது பிழை. வெறும் கற்பனை என ஒதுக்குவதும் பொருந்தாது. ஆங்கிள்சி தீவின் ரோசிரில் 1990-களில் நடந்த அகழாய்வில் அரசவை வளாகம் ஒன்றின் கல் அடித்தளங்கள் மணலுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. நூல் சொல்லும் மண்டபமும் அறைகளும் உண்மையில் இருந்த வகையினவே என்பதை அவை காட்டுகின்றன. அரசர் எவ்வாறு காணப்பட விரும்பினார் என்பதை அறிய இந்நூல் முதன்மையான சான்று. அவர் எவ்வாறு ஆண்டார் என்பதை அறிய 1283-ன் முறையீட்டையும் உடன்வைத்து வாசிக்கவேண்டும்.