வேற்றுலக உயிர்த் தேடலில் ஆர்வலரின் இடம்

வேற்றுலக உயிர்களைத் தேடும் பணியில் பொதுமக்களுக்கு என்ன வேலை? இதற்கு இரண்டு பெருமுயற்சிகள் இருவேறு விடை தருகின்றன. முதலாவது, 1999 மே மாதம் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’. 1993-இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் நாசாவின் தேடலுக்கான நிதியை நிறுத்தியிருந்தது. அரெசிபோ தொலைநோக்கி பதிவுசெய்த ரேடியோ அலைகளை அலசப் பெருங்கணினிகளை வாங்குவதற்குப் பதிலாக, வீட்டுக் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தை இத்திட்டம் கேட்டது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைந்தனர். 2020 மார்ச்சில் புதிய தரவுகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. வேற்றுலகச் சமிக்ஞை என்று உறுதிசெய்யத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததை நான் குறையாகக் கருதவில்லை. மென்பொருளை நிறுவியதோடு பங்கேற்பாளரின் வேலை முடிந்துவிட்டது என்பதே குறை. அவர் தந்தது மின்சாரமும் கணினியும் மட்டுமே. அவருடைய அறிவுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

2010 இறுதியில் தொடங்கிய ‘பிளானட் ஹண்டர்ஸ்’ அறிவுக்கே வேலை கொடுத்தது. கெப்லர் விண்தொலைநோக்கி அளந்த விண்மீன்களின் ஒளி வரைபடங்களை ஆர்வலர்கள் கண்ணால் பார்த்தார்கள். கோள் கடந்து செல்லும்போது ஒளி சீரான இடைவெளியில் மங்கும். கணினி நிரல்கள் அந்தச் சீரைத்தான் தேடின. கே.ஐ.சி. 8462852 என்ற விண்மீனோ ஒழுங்கின்றி, ஒரு கட்டத்தில் 22 விழுக்காடு வரை மங்கியது. இந்த விசித்திரத்தைக் கவனித்தவர்கள் ஆர்வலர்களே. 2015-இல் வானியலாளர் டபெத்தா பொயஜியான் தலைமையில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவர்களும் இணை ஆசிரியர்களாக இடம்பெற்றனர்.

ஆர்வலர்கள் எதையும் எளிதில் நம்பிவிடுவார்கள் என்பது வலுவான ஆட்சேபம். அந்த விண்மீனைச் சுற்றி வேற்றுலகத்தார் மாபெரும் கட்டமைப்பை எழுப்பியிருக்கிறார்கள் என்ற ஊகம் ஊடகங்களில் பரவியது உண்மைதான். ஆனால் அந்த ஊகத்தை எழுப்பியவர்கள் வானியலாளர்கள். அதைச் சோதிக்கக் கூட்டுநிதி திரட்டித் தந்தவர்கள் பொதுமக்கள். அந்த நிதியால் நடந்த கண்காணிப்பில், சிவப்பைவிட நீல ஒளி கூடுதலாக மங்குவது தெரிந்தது. திண்மையான கட்டமைப்பு மறைத்திருந்தால் எல்லா நிறங்களும் ஒரே அளவில் மங்கியிருக்கும். எனவே நுண்தூசியே காரணம் என்ற விளக்கம் வலுப்பெற்றது. தொழில்முறைத் தேடலிலும் ஏமாற்றங்கள் உண்டு. 2019-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, பிராக்சிமா செண்டாரி என்ற விண்மீனை நோக்கியிருந்தபோது பதிவுசெய்த சமிக்ஞை மனிதக் கருவிகளின் குறுக்கீடே என்று 2021-இல் முடிவானது. ஆர்வலரானாலும் அறிஞரானாலும், தன் கண்டுபிடிப்பைத் தானே பொய்ப்பிக்க முயல்கிறாரா என்பதே உரைகல்.

ஒன்றும் கிடைக்காத தேடல் வீண் என்பாரும் உண்டு. எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவான சமிக்ஞை இல்லை என்று அளந்து சொல்வதும் அறிவுதான். செட்டி அட் ஹோமிலிருந்து வளர்ந்த ‘பாயின்க்’ மென்பொருள் பிற ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. அதில் இயங்கிய ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ 2010-இல் ஒரு புதிய பல்சாரை (துடிப்பு விண்மீனை) கண்டுபிடித்தது. ஆகவே, இத்தேடலில் இறங்க விரும்புவோர் கணினியை மட்டும் கடன் கொடுத்து ஒதுங்கிவிடக் கூடாது. தரவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விசித்திரமான ஒன்றைக் கண்டால், இயல்பான காரணங்கள் அத்தனையையும் சோதித்து முடிக்கும்வரை வேற்றுலகத்தாரின் பெயரை எடுக்காதீர்கள்.