அல்மேரியா: கடற்கரைக்குப் போகும் வழி

தெற்கு ஸ்பெயினின் அல்மேரியா மாகாணம் பற்றி வரிசையாகச் சில பயணக் கட்டுரைகள் படித்தேன். எல்லாத்திலும் காபோ தெ காட்டா கடற்கரை, செர்ஜியோ லியோனே படமெடுத்த தபெர்னாஸ் பாலை. அழகுதான், மறுக்கல. ஆனால் சுமார் 30,000 ஹெக்டேரில், விண்வெளியிலிருந்தே வெள்ளையாகத் தெரியும் பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள் பற்றி ஒரு வரி இல்லை. ஐரோப்பாவின் குளிர்காலக் காய்கறி விளைவது அங்கேதான்.

1960-ல் வந்த ஹுவான் கொய்தீசோலோவின் 'காம்போஸ் தெ நீஹார்' இதே மண்ணின் பயண நூல். பஸ்ஸிலும் நடந்தும் சுற்றி, ஊர்க்காரர்களின் வறுமையை, பார்சிலோனாவுக்குப் பிழைக்கப் போகும் கனவைக் கேட்டு எழுதியிருக்கார். இன்னைக்கு அதே நீஹார் வயல்களுக்கு மொராக்கோவிலிருந்து கடல் தாண்டி வேலைக்கு வர்றாங்க. சான் ஹோசே கடற்கரைக்குப் போகும் சாலையே இந்தக் குடில்களுக்கு நடுவேதான் போகுது. கட்டுரை எழுதினவங்க வண்டியில தூங்கிட்டாங்களா?