புழுவின் வயது

சடலத்தில் நெளியும் புழுவிடம் இறந்த நாளைக் கேட்டறியும் வேலை ஜெர்மனிக்குப் புதிதல்ல. 1880களின் தொடக்கத்திலேயே ஹெர்மன் ரைன்ஹார்ட் என்ற மருத்துவர், சாக்சனியில் தோண்டியெடுத்த உடல்களில் வாழ்ந்த பூச்சிகளை முறையாக ஆராய்ந்தார். இன்று பிராங்பர்ட் சட்ட மருத்துவ நிறுவனத்தில் யென்ஸ் ஆமென்ட் இத்துறையை வளர்க்கிறார்.

இந்த வேலையில் என்னைக் கவர்வது அதன் நிதானம். வெயில் நாளில் நீல ஈயும் பச்சை ஈயும் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். கண்ணோரத்திலும் மூக்குத் துளையிலும் முட்டையிடும். அங்கிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதை முடுக்குவது வெப்பம்தான். அதனால் அந்த நாட்களின் வானிலைப் பதிவு இல்லாமல் கணக்கே இல்லை. எடுத்த புழுக்களில் ஒரு பங்கை, சுருங்காமலும் கறுக்காமலும் இருக்க, வெந்நீரில் இட்டு ஆல்கஹாலில் வைப்பார்கள். மறுபங்கை ஈயாகும்வரை வளர்த்து இனத்தை உறுதிசெய்வார்கள். பின்புற மூச்சுத் துளையில் மூன்று கீற்றுகள் தெரிந்தால் அது மூன்றாம் பருவப் புழு. எத்தனை அழகான அடையாளம்! இவ்வளவு பார்த்தும், ‘குறைந்தது இத்தனை நாள்’ என்று மட்டுமே அறிக்கையில் எழுதுவார்கள். அந்த அடக்கத்தை மிகவும் மதிக்கிறேன்.

1997இல் பிரவுன்ஷ்வைக் அருகே ஒரு போதகரின் மனைவி கொல்லப்பட்டபோது, கொலோனின் மார்க் பெனெக்கே புழுக்களின் வயதைக் கணித்தார். போதகரின் ரப்பர் பூட்ஸில் சிக்கியிருந்த எறும்பும் உடல் கிடந்த இடத்தில் வாழும் இனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. மனைவியைக் கொன்றதற்காக 1998இல் நீதிமன்றம் போதகருக்கு 8 ஆண்டு சிறை விதித்தது.