சேரர் காசுகளின் மெய்ம்மை: எழுத்துச் சான்றும் உலோகச் சான்றும்

முன்னுரை

பாலக்காட்டுக் கணவாயும், இடுக்கி மலைப்பகுதியைக் கம்பம் பள்ளத்தாக்கோடு இணைக்கும் மலைவழிகளும் மேலைக் கடற்கரையையும் தமிழக உள்நாட்டையும் பண்டுதொட்டே பிணைத்து வந்துள்ளன. கணவாயின் மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1946ஆம் ஆண்டு உரோமானியப் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் முத்திரைக் காசுகளும் ஒரே புதையலாகக் கிடைத்தன. கிழக்கே வெள்ளலூரிலும் கரூரிலும் உரோமானியக் காசுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இப்பெருவழியோடு தொடர்புடைய சேரர்தம் பெயர் பொறித்த காசுகள் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து வெளிப்பட்டபோது சங்க இலக்கிய ஆய்வு புதிய வலிமை பெற்றது. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் ஆங்கில நூல் 1997இல் வெளிவந்தது. ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்னும் பெயர்களை அதன்பின் வரலாறு எழுதுவோர் பலரும் எடுத்தாளுகின்றனர். அக்காசுகளை ஐயுறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவை போன்ற காசு ஒன்று புதிதாக வரும்போது அதனை மெய்யென நாம் எம்முறையால் துணிகிறோம் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

‘போலி’ என்னும் சொல்

தமிழ்க் கட்டுரைகளில் ‘போலிக் காசு’ என்னும் தொடர் மூன்று வேறு பொருள்களைத் தருகிறது. பண்டைக் காலத்திலேயே வேற்று நாட்டுக் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்த சாயற்காசு ஒன்று. அக்காலத்திலேயே வஞ்சிக்கும் கருத்தோடு செம்பின்மேல் வெள்ளி போர்த்திய கள்ளக்காசு மற்றொன்று. இக்காலத்தில் காசு திரட்டுவோரை ஏமாற்றச் செய்வது மூன்றாவது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் பிற்கால உரோமானியச் செப்புக் காசுகளின் சாயற்படிகள் முதல் வகையின. செலாவணிக்குக் காசு போதாமையை அவை உணர்த்துகின்றன எனலாம். இரண்டாம் வகையும் பழமையுடையதாகலின் வரலாற்றுச் சான்றேயாகும். மூன்றாவது மட்டுமே விலக்கத்தக்கது. இம்மூன்றையும் ஒரே சொல்லால் சுட்டும் கட்டுரையாளர், முதலிரண்டையும் மூன்றாவதோடு சேர்த்துத் தள்ளிவிட நேர்கிறது.

எழுத்துச் சான்றின் எல்லை

தமிழறிஞர்கள் காசை நோக்கும்போது முதலில் எழுத்தையே நாடுகின்றனர். எழுத்தின் வடிவம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளோடு ஒத்தால் காசு மெய்யெனக் கொள்கின்றனர். புகழூர்க் கல்வெட்டுகள் சேரர் பெயர்களைத் தருதலின் அவ்வொப்பீடு இன்றியமையாதது. ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. ஒரு காசின் தெளிவான படம் நூலில் வெளிவந்த பிறகு அதன் எழுத்தைப் பார்த்து வெட்டுதல் அரிய செயலன்று. எனவே, ஒருவகைக் காசு அச்சில் வெளிவருவதற்கு முன் கிடைத்ததா, பின் கிடைத்ததா என்னும் வினா எழுத்தாராய்ச்சிக்கு முற்பட வேண்டும். பின் வந்த காசுக்கு எழுத்தொப்புமை மட்டும் சான்றாகாது.

செருமானியரான பெக்கர் (1772-1830) பழங்காசுகளுக்குரிய அச்சுகளைத் தம் கையாலேயே வெட்டிப் போலிகளை அடித்தார். அவற்றின் எழுத்தும் உருவமும் தேர்ந்தவரையும் மயக்கின. அவற்றைப் பட்டியலிட்டு நூல் எழுதிய ஜார்ஜ் ஹில்லே, 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளையும் ஆராய்ந்து வெளியிட்டவர். அப்புதையலின் காசுகள் பெரும்பாலானவற்றில் முகத்தின் குறுக்கே வெட்டு உள்ளது. அவற்றைச் செலாவணியினின்று நீக்கவே அவ்வாறு வெட்டினர் என்பது ஒரு கருத்து. காசின் வடிவத்தைப் போலவே அது பட்ட வடுவும் ஆய்வுக்குரியது என்பதை இப்புதையல் காட்டுகிறது.

உலோகமும் அச்சும்

காசின் தரம் நோக்குவோரை ‘வண்ணக்கர்’ என வழங்கியது பண்டைத் தமிழகம். சங்கப் புலவர் சிலர் பெயரிலும் அச்சொல் அமைந்துள்ளது. தாய்லாந்தின் குளோங் தோமில் கிடைத்த உரைகல் ஒன்றில் ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் உரைகல் மாற்றைக் காட்டுமேயன்றிக் காலத்தைக் காட்டாது. பழம்பொன்னை உருக்கி இன்று அடித்த காசும் உரைகல்லில் தேறிவிடும்.

ஒப்படர்த்தி காணுதல் எளிய சோதனை. தூய வெள்ளிக்கு 10.5, செம்புக்கு ஏறத்தாழ 8.9 ஆதலின், வெள்ளி போர்த்திய செம்புக் காசு நீரில் நிறுத்த அளவிலேயே வெளிப்படும். எக்ஸ் கதிர்ச் சோதனை பெரும்பாலும் மேற்பரப்பையே படிக்கும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளிக் காசின் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து வெள்ளியின் விழுக்காடு உயர்ந்து தோன்றும். அவ்வெண்ணை உட்கலவையின் அளவாகக் கொள்ளுதல் பிழையாம்.

அச்சு நோக்குதல் இன்னும் பயனுடையது. ஒரே அச்சில் அடித்த இரு காசுகளில் உருவம் ஒன்றாயினும் விளிம்பும், உருவம் விழுந்த இடமும், தேய்வும் வேறுபடும். தேய்வும் கீறலும் விளிம்புப் பிளவும்கூட இரண்டிலும் ஒத்திருப்பின், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வார்த்தனர் அல்லது இரண்டையும் ஒரே கருவில் வார்த்தனர் என்றே கொள்ளவேண்டும்.

கிடைத்த இடம்

மேற்கூறிய சோதனைகளில் தேறிய காசும், எங்குக் கிடைத்தது என அறியப்படாவிடின் அரைச்சான்றே. ஆற்று மணலில் அரித்தெடுத்த காசுக்கு மண்ணடுக்கு இல்லை. பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் யானையும் வில் அம்பும் பொறித்த சேரர் செப்புக் காசுகள் கிடைத்தன. அவை எண்ணிக்கையில் சிலவாயினும், உடன் கிடைத்த பானையோடும் மணியோடும் சேர்ந்து காலம் கூறுகின்றன. ஆற்றுப்படுகைக் காசுகளை ஒப்பிட அவையே அளவுகோல் ஆகத்தக்கவை.

புதையல் கண்டோர் அதனை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும் என 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் விதித்தது. கேரளத்திற்கெனத் தனிச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. ஆயினும், அச்சத்தால் மறைக்கப்பட்ட காசு உருக்கப்படுகிறது. அல்லது ஊர்ப்பெயரின்றிக் கைமாறுகிறது. கணவாயின் இருபுறத்தும் இரு மாநிலங்கள் இருத்தலின், எல்லை கடந்த காசின் ஊர்ப்பெயர் மாறிவிடுதல் எளிது. கரூர்க் காசு எனப் பெயர் பெற்றது பாலக்காட்டில் கிடைத்ததாயின், வணிக வழி பற்றிய நம் முடிவே பிறழும்.

முடிவுரை

காசினை வெளியிடுவோர் கிடைத்த ஊர், முதன்முதல் காணப்பட்ட ஆண்டு, எடை, ஒப்படர்த்தி, இருபுறப் படம், விளிம்புப் படம் ஆகியவற்றைத் தந்து, அதன்பின் எழுத்தைப் படித்துக் காட்டுதல் நலம். இவற்றுள் குறைவுள்ள காசினை ‘மெய்ம்மை துணியப்படாதது’ எனத் தனியே நிரல்படுத்தலாம். அவ்வாறு நிரல்படுத்திய காசைக் கொண்டு அரசர் வரிசையோ, பாடலின் காலமோ வகுத்தல் கூடாது. சேரர் காலக் கணிப்பு காசுகளையும் துணையாகக் கொண்டு நிற்றலின், ஒரு காசைத் தவறாக ஏற்பதனால் வரும் கேடு அக்காசோடு நின்றுவிடுவதில்லை.